வால் காட்டிய திசை

சத்வா, துபாய்.
12 ஒக்டோபர் 2024.

அன்பின் தயாபரனுக்கு,

இந்த இடத்தில் நலம் கேட்பது முறை. கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளும். இங்கே என் மனுசன் சஜீவனுக்குச் சுகம். வெயில் கொஞ்சம் தணிந்துவிட்டது, சைட்டில் டியூட்டி முடிந்து வரும்போது மனுசனின் முகம் மனுச முகமாக இருக்கிறது. எனக்குத்தான் சுகமில்லை. காய்ச்சலும் இல்லை, தலையிடியும் இல்லை. கோபம். நேற்றுப் பருப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டு எழும்பிப் போய் இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு, மீட்டிங்கில நிக்கிறன், பிறகு கதைக்கிறன் என்பீர். உம்முடைய 'பிறகு' எனக்குத் தெரியாததா? கடிதம் என்றால் பிரித்த கைக்கு அதை வாசிக்கிற கடமை இருக்கிறது. இருந்து வடிவாக வாசியும்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ரக்ஷிதா என்று பெயர். உம்முடைய குழுவில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளையாம். நீர் கட்டுரையோடு வெளியிட்ட அட்டவணையின் மேல்தான் அவளுடைய மூன்று வருட ஆய்வும் நிற்கிறதாம். அதில் 'இரண்டாவது பார்வையாளர்' என்ற நிரலில் இருப்பவை என்னுடைய குறிப்புகள் என்று நன்றியுரையைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். தப்பா எடுத்துக்காதீங்க மேடம், ஒன்பது படத்துல நீங்க உங்களுக்கே எதிரா எழுதியிருக்கீங்க, ஒன்பதுலயும் சரியா எதிர்ப்பக்கம், ஏன்னு கேக்கலாமா என்று எழுதியிருந்தாள்.

முதலில் எனக்கு வெட்கம்தான் வந்தது. ஐயோ, ஒரு பெரிய வேலையில் என் கண்ணால் பிழை வந்துவிட்டதே என்று நினைத்தேன். பிறகுதான் உம்முடைய கட்டுரையைத் திறந்து அடிக்குறிப்பை வாசித்தேன். 'இரண்டாவது பார்வையாளர் துறைப் பயிற்சி இல்லாதவர். மங்கலான படங்களில் தலையையும் வாலையும் மாறிப் பார்த்திருக்கிறார்.' இரண்டு வரி. அதை எழுத உமக்கு எவ்வளவு நேரம் எடுத்தது தயாபரன்? ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் எடுத்ததா?

நாலு வருடத்துக்கு முன் நீர் எடுத்த அழைப்பை நினைத்துப் பாரும். சுகந்தா, உம்மட கண் எனக்கு வேணும் என்றீர். பல்கலைக்கழக மேல்மாடியில் அந்தப் பழைய தொலைநோக்கியில் சனி வளையத்தின் இடைவெளியை வகுப்பிலேயே முதலில் கண்டது நான் என்பதை நீர் மறக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம்! டைப்பிங் சென்டரில் விசாப் படிவம் அடிக்கிறவளுக்கு விண்மீன் மண்டலத்தைப் பார்க்கிற வேலை தருகிறாரே என்று சஜீவனிடம் மூன்று நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நீர் எனக்குச் சொல்லித் தந்ததை இன்றைக்கு உமக்கே திருப்பிச் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு ஒரு பெரிய கொத்தாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இருப்பது வெறும் வெளி இல்லை, கோடிக்கணக்கான பாகைச் சூட்டில் மெல்லிய வாயு. வெளியிலிருந்து ஒரு மண்டலம் கொத்துக்குள் விழும்போது அந்தச் சூட்டு வாயு எதிர்க்காற்றாக மோதி, மண்டலத்தின் சொந்தக் குளிர் வாயுவை உரித்து எடுத்துவிடும். உரிந்தது பின்னால் வாலாக நீளும். குளிர் வாயு போய்விட்டால் புது நட்சத்திரம் பிறக்க வழியில்லை, நீலமாக இருந்த மண்டலம் மெல்ல மெல்லச் சிவந்து கிழடாகிவிடும். வால் ஒரு பக்கம் என்றால் மண்டலம் போவது அதற்கு எதிர்ப்பக்கம். இவ்வளவும் நீர் சொன்னதுதானே?

வேலையையும் நீர்தான் சொன்னீர். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது படம். ஒவ்வொன்றிலும் வால் இருக்கிறதா, இருந்தால் மணிக்கூட்டு முகத்தில் எத்தனை மணிப் பக்கம் நீள்கிறது என்று எழுத வேண்டும். கொத்தின் நடு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல மாட்டீர். நீர் எழுதியதை நான் பார்க்கக்கூடாது, நான் எழுதியதை நீர் தொடக்கூடாது. இரண்டு பேரும் தனித்தனியே ஒரே திசையைச் சொன்னால்தான் அது உண்மை என்றீர். ஒரு நாளைக்குப் பத்துப் படத்துக்கு மேல் பார்க்க வேண்டாம், அதுக்குப் பிறகு கண் பொய் சொல்லும் என்றீர். இடைக்கிடை பழைய படத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாற்றித் திரும்பவும் வைத்திருக்கிறன், எது எண்டு சொல்ல மாட்டன், உம்மட கண் ஒரே மாதிரிப் பார்க்குதோ எண்டு சோதிக்க என்றும் சொன்னீர்.

நான் ஏழு மாதம் பார்த்தேன். எங்கள் சென்டரில் மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு மணிவரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். மற்றவர்கள் ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டு வருவார்கள். முதலாளி இர்ஷாத் பாயிடம் கேட்டு அந்தப் பெரிய ஸ்கிரீனை வாங்கிக்கொண்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, கடல்ல சொறி மீன் மாதிரி மிதக்குது என்றார். மனுசன் பிழையாகச் சொல்லவில்லை. நெட் அறுந்தால் எழுதியது போய்விடும் என்ற பயத்தில் ஒவ்வொரு படத்தின் இலக்கத்தையும் மணியையும் ஒரு நீல மட்டைக் கொப்பியிலும் எழுதி வைத்தேன். இது உமக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

இப்போது அந்தக் கொப்பியை எடுத்து உம்முடைய அட்டவணையோடு ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தேன். அறுபத்தொரு இடத்தில் நான் எழுதியது இல்லை. நான் நாலு மணி என்று எழுதிய இடத்தில் பத்து. நான் ஒன்று என்று எழுதிய இடத்தில் ஏழு. எல்லா இடத்திலும் சரியாக ஆறு மணி தள்ளி. அறுபத்தொன்றும் கொத்தின் ஓரத்தில் இருக்கிற மண்டலங்கள். அன்றைக்கு நீர் சொல்லாத நடுவின் பக்கம் இப்போது அட்டவணையிலேயே இருக்கிறது. அறுபத்தொன்றிலும் நான் எழுதிய வால், நடுவைப் பார்த்து நீண்ட வால்.

அதை மூன்று தரம் திரும்பச் சரிபார்த்தேன். ஏனென்றால் உம்முடைய கட்டுரை சொல்வதே, கொத்தின் ஓரத்தில் நிற்கிற மண்டலங்கள் எல்லாம் முதல் தரம் உள்ளே வருகிறவை, வாசலிலேயே வாயுவை இழந்துவிடுகின்றன என்பதுதான். உள்ளே வருகிறதற்கு வால் வெளிப்பக்கம் நீள வேண்டும். உள்ளே பார்த்து நீண்டால் அது ஏற்கெனவே போய், நடுவைக் கடந்து, இப்போது வெளியே வந்துகொண்டிருக்கிறது. அந்த அறுபத்தொன்றும் அப்படியே இருந்தால் உம்முடைய வாசல் கதை கவிழ்ந்துவிடும். அதனால் திருப்பிவிட்டீர்.

துபாய் விமான நிலையத்தில் போய் நில்லும். வரிசையில் எல்லாரும் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள். ஆனால் முதல் தரம் வருகிறவன் பாஸ்போர்ட்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருப்பான், இருபது வருடம் இருந்து போகிறவனின் பெட்டி கயிறும் டேப்புமாகச் சுற்றி வயிறு வீங்கியிருக்கும். நாங்கள் இங்கே ஒரு பார்வையில் சொல்லிவிடுவோம். வாசலில் நிற்கிறவன் எல்லாம் புதிதாக வந்தவன் இல்லை ஐசே.

உம்முடைய கெட்ட காலம், கண்ணாடிப் படங்களை மறந்துவிட்டீர். முதல் படங்களில்தான் என் எழுத்தை மாற்றினீர். அதே மண்டலங்களில் ஒன்பது, இடம் வலம் மாறித் திரும்பவும் என் முன்னால் வந்திருக்கின்றன. அவற்றில் நான் எழுதியது அப்படியே கிடக்கிறது. நாலுக்கு எட்டு என்று சரியாக எழுதியிருக்கிறேன். நீர் நாலைப் பத்தாக்கினீர், எட்டைத் தொடவில்லை; பத்துக்குக் கண்ணாடியில் இரண்டல்லவா வர வேண்டும். அதனால்தான் நான் எனக்கே எதிராக எழுதியதுபோல் நிற்கிறேன். பரிசீலனை செய்தவர்கள் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். நீர் என்ன செய்தீர்? உம்முடைய கை செய்ததை என் கண்ணின் தலையில் கட்டிவிட்டீர்.

கட்டுரையின் மேல் என் பெயர் இல்லாததைப் பற்றி எனக்குக் கோபமில்லை என்று மேலே ஒரு வரி எழுதி வெட்டியிருக்கிறேன், பார்த்திருப்பீர். பொய். பெயரைப் பற்றியும் கோபம்தான். ஆனால் அது சின்னக் கோபம், அதை நான் சமாளிப்பேன்.

ரக்ஷிதாவுக்கு, பார்த்துச் சொல்கிறேன் பிள்ளை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இந்த மாதம் முடிவதற்குள் நீரே அவளுக்கும் அந்தச் சஞ்சிகைக்கும் எழுதும். நடந்ததை நடந்தபடி எழுதும். உமக்கு நான் தருகிற மரியாதை இவ்வளவுதான்.

இப்படிக்கு,
உம்முடைய பயிற்சியற்ற கண்,
சுகந்தா.


சத்வா, துபாய்.
9 நவம்பர் 2024.

தயாபரனுக்கு,

உம்முடைய அழைப்பும் கிடைத்தது, அதற்குப் பிறகு எழுதிய நீண்ட மின்னஞ்சலும் கிடைத்தது. அழைப்பில் நான் சத்தம் போட்டதற்குச் சஜீவன் உம்மிடம் மன்னிப்புக் கேட்டதாக அறிந்தேன். அவர் கேட்டது அவருடைய குணம். நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நீர் சொன்னதை எல்லாம் ஒழுங்காக விளங்கிக்கொண்டேனா என்று பாரும். அந்த அறுபத்தொரு படத்தையும் நீர் வேறொரு தெளிவான படத்தோடு வைத்துப் பார்த்தீராம். நான் தலையை வால் என்றும் வாலைத் தலை என்றும் எழுதியிருக்கிறேன் என்று உமக்குத் தோன்றியதாம். அனுப்ப வேண்டிய கடைசி நாள் நெருங்கிவிட்டதாம். சுகந்தாட்டக் கேட்டால் அவ திரும்பப் பார்ப்பா, இன்னும் ரெண்டு மாசம் போகும், எப்படியும் அவ ஓம் எண்டுதானே சொல்லுவா என்று நினைத்து நீரே மாற்றினீராம். தை மாதத்தில் உமக்கு நிரந்தர வேலைக்கான நேர்முகமாம். அது கிடைக்காவிட்டால் விசா முடிகிறதாம், மகனின் பள்ளிக்கூடம் குழம்புமாம். இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அந்த வேலை இல்லையாம்.

இவ்வளவையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிட்டேன். விசா முடிகிற பயத்தை எனக்கு நீர் விளக்கத் தேவையில்லை. அந்தப் பயத்தோடு என் முன்னால் வந்து இருக்கிறவர்களைப் பார்ப்பதுதான் என் வேலை. உமக்காக நான் அழவும் அழுதேன்.

அதற்குப் பிறகு எழுதினீரே ஒன்று. நான் ரக்ஷிதாவுக்கு, பிறகு திரும்பவும் பார்த்து நானே மாற்றிக்கொண்டேன் என்று எழுத வேண்டுமாம். ஒரு வரி போதுமாம். உமக்கு இதில என்ன நட்டம் சுகந்தா என்று கேட்டிருக்கிறீர்.

என்ன நட்டம்! சீ! அந்தக் கேள்வியை எழுதின கையை என்ன சொல்வது? உமக்குப் பெயர் இருக்கிறது, கட்டுரை இருக்கிறது, பின்னால் பட்டம் இருக்கிறது. எனக்கு இதில் இருந்தது ஒன்றே ஒன்று. நான் கண்டதைக் கண்டபடி எழுதினேன் என்பது. அதை எடுத்துவிட்டு என்ன நட்டம் என்கிறீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட அந்தச் சோற்றை அடுத்தவளைப் பரிமாறச் சொல்ல மாட்டார்கள்.

நீர் சரி, நான் பிழை என்றே இருக்கட்டும். அறுபத்தொன்றிலும் நான் தலைகீழாகப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளும். அப்படியென்றால் அதை உம்முடைய நிரலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை என்று கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். என் நிரலில் என் பிழை இருக்கட்டுமே! பிழை விடவும் எனக்கு உரிமை இல்லையா? அதோடு ஒன்று சொல்லும். மங்கலில் தலை எது வால் எது என்று தடுமாறுகிற கண், ஒன்பது கண்ணாடிப் படத்திலும் முதல் கண்ட அதே வாலையே எப்படித் திரும்பக் கண்டது?

கோபத்தோடு கோபமாக இங்கே நடந்த ஒன்றையும் சொல்கிறேன். போன வியாழக்கிழமை வீரம்மாள் அக்கா சென்டருக்கு வந்தார். ஹட்டன் பக்கத்து மனுசி. ஜுமேராவில் ஒரு அரபி வீட்டில் சமையல். விசா புதுப்பிக்கப் படிவம் அடிக்க வந்தவர். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், வயது அறுபது என்று இருக்கிறது. உண்மையில் அவருக்கு ஐம்பத்து நாலு. பத்தொன்பது வயதில் முதல் தரம் வரும்போது வயது காணாது என்று ஏஜென்சிக்காரன் ஆறு வயதைக் கூட்டிவிட்டானாம். என் நல்லதுக்குன்னுதான் புள்ள மாத்துனாங்க என்கிறார் அக்கா. இப்போது அறுபது தாண்டினவளை இனி வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று அவருடைய விசாவுக்குப் பொறுப்பான கபீல் வீட்டில் யோசிக்கிறார்களாம். ஊரில் பேரப்பிள்ளைக்குக் காதில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. இன்னும் நாலு வருடம் உழைக்கக் கையிலும் காலிலும் தெம்பு இருக்கிறது.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம், கையில் இருக்கிற தாளில் என்ன இருக்கிறதோ அதை அடி, உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை அடிக்காதே என்பது. பிழை என்று தெரிந்தாலும் நான் தொடக்கூடாது. மாற்ற வேண்டுமென்றால் ஆளே போய், உரிய இடத்தில், தன் பெயரில் மாற்ற வேண்டும். அக்காவின் உண்மை வயது அவர் சொல்லித் தெரிந்த பிறகும் நான் அறுபது என்றுதான் அடித்தேன். அடிக்கும்போது முப்பத்தைந்து வருடத்துக்கு முன் பேனா பிடித்த அந்தக் கையின் மேல் எனக்கு வந்த ஆத்திரம்! அவனும் அன்றைக்கு, இதில உனக்கு என்ன நட்டம் என்றுதான் கேட்டிருப்பான்.

ரக்ஷிதாவை நினைத்துப் பார்த்தீரா? உம்முடைய நேர்முகம் தை மாதம். அவளுடைய ஆய்வேடு மாசி மாதம். நீர் மாற்றிய அறுபத்தொன்றின் மேல் அவள் மூன்று வருடம் கட்டிடம் கட்டியிருக்கிறாள். அவள் ஒன்றும் தெரியாமல் மேலே கல் வைத்துக்கொண்டே போகட்டும் என்று உமக்கு எப்படி மனம் வந்தது? அவளுக்கும் விசா இருக்கிறது. அவளுக்கும் ஊரில் யாரோ இருப்பார்கள்.

இன்னொன்று. எனக்கு உம்மைப்போலக் கலாநிதிப் பட்டம் இல்லை, இது என் குறுக்குப் புத்திக்குத் தோன்றுவது. அந்த அறுபத்தொன்றும் உண்மையிலேயே ஒரு தரம் உள்ளே போய் வெளியே வந்தவை என்றால், அது உம்முடைய வாசல் கதையை விடப் பெரிய செய்தி இல்லையா? ஓரத்தில் அமைதியாக நிற்கிறவற்றில் எத்தனை நடுக்கொத்தின் சூட்டைக் கண்டு வந்தவை என்று யாராவது இவ்வளவு தெளிவாக எண்ணியிருக்கிறார்களா? நீர் மறைத்ததுதான் நீர் கண்டுபிடித்திருக்க வேண்டியது. அதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் சொல்வது பிழை என்றால் பிழை என்று சொல்லும், கேட்டுக்கொள்கிறேன்.

நீர் கேட்ட அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். இதற்கு மேல் இந்த விசயத்தில் என்னிடம் கெஞ்சவும் வேண்டாம். சஜீவனுக்கு அழைத்து என்னிடம் சொல்லச் சொல்லவும் வேண்டாம், பாவம் அந்த மனுசன் இரண்டு பக்கமும் தலையாட்டிக் கழுத்து நோகிறது. நேற்று அவர் என்னிடம், அவன் உம்மட சிநேகிதன், பார்த்துச் செய்யும் என்றார். அது எனக்குத் தெரியாதா?

இப்படிக்கு,
சுகந்தா.


சத்வா, துபாய்.
23 நவம்பர் 2024.

அன்பின் தயாபரனுக்கு,

இந்தக் கடிதம் தனியே வரவில்லை. பொதியைப் பிரித்தால் நீல மட்டைக் கொப்பி இருக்கும். அதுதான் நான் ஏழு மாதம் எழுதிய கொப்பி. முதலாம் படத்திலிருந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் படம்வரை எல்லாம் இருக்கிறது. சில பக்கத்தில் தேத்தண்ணிக் கறை. ஓரிடத்தில் இர்ஷாத் பாய் யாருடையவோ தொலைபேசி இலக்கத்தை எழுதிவிட்டார், அதை மண்டலம் என்று நினைக்க வேண்டாம்.

ரக்ஷிதா திரும்பவும் கேட்டு எழுதியிருந்தாள். இந்த முறை அவளுடைய எழுத்தில் பயம் தெரிந்தது. நான் நேற்றுப் பதில் அனுப்பிவிட்டேன். நீர் தவிப்பீர் என்பதால் அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்: 'நான் பார்த்ததை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கொப்பி தயாபரனிடம் வருகிறது. வந்ததும் அவரிடம் கேளுங்கள்.' அவ்வளவுதான். நீர் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நீர் செய்யாதது என்றும் எழுதவில்லை.

நான் பொதி கட்டும்போது சஜீவன் பக்கத்தில் நின்றார். ஒரு போட்டோவாவது எடுத்து வைச்சுக்கொள்ளும், நாளைக்கு ஏதும் எண்டால் உம்மட கையில ஒண்டும் இராது என்றார். முதல் தரமாக அவருக்கும் கோபம் வந்ததைப் பார்த்தேன். உம்மோடு இல்லை, என்னோடு.

நான் எடுக்கவில்லை. எங்கள் சென்டரில் பிரதி எடுக்கிற மெஷின் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு முந்நூறு பிரதி எடுக்கிறேன். பாஸ்போர்ட், விசா, கலியாணப் பதிவு, மரணப் பதிவு எல்லாம். ஒரிஜினலை ஒருத்தரிடமும் குடுக்காதேங்கோ, எங்க போனாலும் போட்டோக்கொப்பி எடுத்து வைச்சுக்கொள்ளுங்கோ என்று வருகிற ஒவ்வொருவருக்கும் புத்தி சொல்கிறவள் நான். கொப்பியை மெஷினின் கண்ணாடி மேல் கவிழ்த்தும் வைத்தேன். மூடியையும் மூடினேன். பிறகு திரும்ப எடுத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர். என்னிடம் பிரதி இருந்தால் நீர் உண்மையைச் சொல்வது எனக்குப் பயந்து. அந்த உண்மை எனக்கு வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்ய? உமக்கு இப்போது ஒரு வில்லங்கமும் இல்லை. கொப்பி வரவில்லை, தபாலில துலைஞ்சுபோச்சு என்று ரக்ஷிதாவிடம் சொல்லலாம். நம்புவாள். சமையலறையில் வைத்துக் கொளுத்தினால் பத்து நிமிட வேலை. தை மாதம் நேர்முகத்துக்குப் போகலாம். நான் வாய் திறந்தாலும் ஒரு டைப்பிங் சென்டர்காரியின் பேச்சு, துறைப் பயிற்சியும் இல்லாதவள், அடிக்குறிப்பில் நீரே எழுதி வைத்திருக்கிறீர்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறியதுபோல் இந்தக் கடிதம் தெரிந்தால் ஏமாற வேண்டாம். கோபம் ஆறிய ஆளாக இருந்தால் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு உம்மை மறந்திருப்பேன்.

வீரம்மாள் அக்கா நேற்று வந்தார். கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, தன் பிறப்புப் பதிவை வைத்து வயதைத் திருத்தப் போகிறாராம். இத்தனை வருசமும் பொய் வயதோட இருந்தியான்னு கேப்பாங்களே புள்ள என்று பயந்தார். கேட்டா நான்தான் சொல்லணும், வேற யாரு சொல்றது என்று அவரே சொல்லிக்கொண்டு, வரிசைக்கு எடுத்த இலக்கத்துண்டை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனார். விசா கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது.

கொப்பியில் எண்பத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்து பாரும். ஆயிரத்து இருநூற்று ஆறாம் படம். அங்கே நான் மணி ஒன்றும் எழுதவில்லை, 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். முழுக் கொப்பியிலும் அந்தச் சொல் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் படத்தை இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். மணி எழுதாத இடம் என்பதால் முதல் தரம் ஒப்பிடும்போது அதைத் தாண்டிவிட்டேன், அறுபத்தொன்றில் அது சேரவில்லை. உம்முடைய அட்டவணையில் அந்த இடத்தில் மூன்று என்று என் பெயரில் ஒரு இலக்கம் நிற்கிறது. அந்த ஒன்றைக்கூட உமக்கு விட மனம் வரவில்லை. அந்தப் படத்தை எனக்காக ஒருக்கால் திரும்பப் பாரும். நான் என்ன கண்டேன் என்று யோசிக்க வேண்டாம், கட்டுரைக்கு எது வேண்டும் என்றும் யோசிக்க வேண்டாம். மேல்மாடியில் என்னைத் தள்ளி நில்லும் என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்ப்பீரே, அப்படிப் பாரும். பார்த்து எழுதும். உமக்கும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதும்.

உம்முடைய மகனுக்கும் மனைவிக்கும் என் அன்பு. பிள்ளைக்கு நாங்கள் வாங்கி வைத்த பேரீச்சம்பழப் பெட்டியும் பொதியின் அடியில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உம்முடைய கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் தயா. அதற்காக இங்கே நான் கும்பிடாத நாள் இல்லை.

சுகந்தா.